பிரேக் பெடல் தரை தொட்டால் என்ன வாங்குவது?

கேள்வி: மலேசியாவின் தாப்பாவில் இருக்கிறேன். என்னுடையது பழைய மைவி 1.5 கார், பிரேக் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். செப்பாங் பந்தயத் தளத்தில் நண்பர்களோடு ஓட்டியபோது நாலாவது சுற்றில் பெடல் மெத்தென்று அமுங்கி ஏறக்குறைய தரை வரை போனது. அரை மணி நேரம் நிறுத்தி வைத்ததும் சரியானது. குடும்பத்தோடு கேமரன் மலையிலிருந்து இறங்கும்போதும் கருகல் வாடை வருகிறது. பட்டறைக்கார அண்ணன், நாலு பிஸ்டன் காலிப்பரும் (டிஸ்க்கைக் கவ்வும் இடுக்கி) பெரிய டிஸ்க்கும் போட 4,000 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்கிறார். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் பெடல் சொல்வது வேறு. சூட்டில் பிரேக் விடுவது இரண்டு விதம். பெடல் கல் போல் நிற்கும், ஆனால் கார் நிற்காது என்றால் பேட் (டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் கட்டை) தாங்கவில்லை. பெடல் அமுங்கிக் கீழே போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. கொதித்த ஆயிலில் குமிழி வரும். குமிழி அழுத்தத்தில் சுருங்கும், பிஸ்டனுக்குப் போக வேண்டிய அழுத்தம் அங்கேயே போய்விடும். ஆறினால் குமிழி அடங்கி பெடல் திரும்பும். ஆயிலில் ஊறிய தண்ணீர் மட்டும் அப்படியே இருக்கும், அதனால் அடுத்த சூட்டில் மறுபடியும் இதே கதைதான்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நம் நாட்டு ஈரத்தில் இது சின்ன விஷயமில்லை. டாட் என்பது ஆயிலின் தர எண். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 தான். டாட் 4-க்கு இவை 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. புட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் முதல் எண்ணை விட, ஈரம் ஏறிய பின் உள்ள இரண்டாவது எண்ணைப் பார்த்து வாங்குங்கள். டாட் 5 சிலிக்கோன் வகை. மற்றவற்றோடு கலக்கக் கூடாது, உங்கள் காருக்கு வேண்டாம்.

ஒரு லிட்டர் நல்ல டாட் 4 அல்லது 5.1 போதும். பழையதை முழுக்க வெளியேற்ற வேண்டும், மேலே ஊற்றி நிரப்புவது பயன் தராது. மாஸ்டர் பம்ப்பிலிருந்து (பெடல் தள்ளும் முதன்மை பிரேக் பம்ப்) தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்குங்கள்: பெரும்பாலும் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. சில கார்களில் வரிசை மாறும், கையேட்டைப் பாருங்கள். நிப்பிளில் (சக்கரத்தில் ஆயிலை வெளியேற்றும் திருகு) உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் மாட்டி, அதன் நுனி ஆயிலில் மூழ்கியிருக்க வேண்டும். தேநீர் நிறத்தில் வருவது வெளிர் மஞ்சளாகும் வரை, குமிழி நிற்கும் வரை விடுங்கள். மேலே உள்ள ஆயில் டப்பா காலியானால் காற்று புகுந்து வேலை முதலிலிருந்து தொடங்கும். ஆயில் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். திறந்த புட்டியில் மிச்சமானதை அடுத்த ஆண்டுக்கு வைக்காதீர்கள். டிராக்கில் ஓட்டுபவர் ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்பும் மாற்றுவது நல்லது.

அடுத்து பேட். ஓரத்தில் அச்சிட்ட இரண்டு எழுத்தை நம்பி வாங்காதீர்கள். எஃப் என்றால் உராய்வு 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை, ஆனால் அந்தச் சோதனை ஏறக்குறைய 340 டிகிரியோடு நின்றுவிடும். டிராக்கில் டிஸ்க் 500-ஐத் தாண்டும். தயாரிப்பாளர் சொல்லும் வெப்ப வரம்பைக் கேளுங்கள். முழு ரேஸ் பேட் வேண்டாம்: காலையில் குளிர்ந்த நிலையில் பிடிக்காது, கத்தும், டிஸ்க்கைத் தின்னும். பள்ளிக்குப் பிள்ளையை இறக்கும் காரில் அது ஆபத்து.

புது பேட் போட்டால் பழக்க வேண்டும். செம்பனை லாரி ஓடாத விடியற்காலையில், நேரான சாலையில் 80-லிருந்து 20 வரை எட்டுப் பத்து முறை பிடியுங்கள், முழுவதும் நிற்காமல். பிறகு பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். சூட்டோடு மிதித்தபடி நின்றால் பேட் டிஸ்க்கில் ஒட்டிப் படியும். பெடல் நடுங்குவதற்குப் பல நேரம் டிஸ்க் வளைந்தது காரணமில்லை, இந்தப் படிவுதான். கையோடு பின் டிரம்மின் ஷூ இடைவெளி சரியாக இருக்கிறதா என்றும், காலிப்பர் நகரும் ஊசிகள் தாராளமாக நகர்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரிய காலிப்பரில் பிஸ்டன் பரப்பு கூடினால் பெடல் நீளும், பிடிப்பு முன்பக்கம் அதிகமாகும். பழைய ரிம்முக்குள் நுழையாமலும் போகலாம். நிற்கும் தூரத்தைக் கடைசியில் தீர்மானிப்பது டயர். இந்த ஆயிலும் பேட்டும் போட்டும் தொடர்ந்து சூடேறினால் அப்போது பெரிய டிஸ்க்கைப் பேசலாம். அதற்கு முன் டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் காற்றுக் குழாய் ஒன்று விட்டுப் பாருங்கள்.

கேமரன் வாடைக்கு எந்தப் பொருளும் வாங்க வேண்டாம். 1,200 கிலோ கார் 1,000 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 1.2 கோடி ஜூல் வெப்பம். 120-லிருந்து முழுதாக நிறுத்துவதைப் பதினேழு, பதினெட்டு முறை செய்வதற்குச் சமம். தானா ராத்தாவிலிருந்து இறங்கும்போது ஏறிய கியரையே பிடியுங்கள். ஆட்டோ என்றால் டி-யிலிருந்து கீழ் கியருக்கு மாற்றுங்கள். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்காமல், அழுத்தமாகப் பிடித்து விடுங்கள்.

கேள்வி: பீடோரில் இருந்து எழுதுகிறேன். இணையத்தில் ஓட்டை போட்ட டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஓட்டை விளிம்பில் விரிசல் தொடங்கும், டிராக் சூட்டில் அது வேகமாக வளரும். உள்ளே காற்றுப் பாதை உள்ள சாதாரண டிஸ்க் போதும். கோடு வெட்டியது வேண்டுமானால் சரி, பேட் சற்று விரைவாகத் தேயும். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச தடிமன் எண்ணைத் தொட்டதும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பில்லில் எழுதிய பேட் ஒன்று, கழற்றிப் பார்த்தால் இருப்பது வேறு. பட்டறையில் பணம் திருப்பித் தர மறுக்கிறார்கள்.

பதில்: பேட்டின் பின்தட்டு எண், ஓரத்து எழுத்துகள், பில், மூன்றையும் ஒரே படத்தில் எடுங்கள். எழுத்தில் புகார் கொடுத்து பதிலுக்குத் தேதி குறியுங்கள். அசையாவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை தீர்ப்பாயத்தில் பாரம் 1 (படிவம்) நிரப்பலாம். கட்டணம் 5 வெள்ளி, கோரிக்கை 50,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். கழற்றிய பேட்டை வீசிவிடாமல் விசாரணைக்குக் கொண்டு போங்கள்.