ஒன்பதாம் தரத்துக்கு அப்புறம்

வணக்கம் சேர்,

மலையகத்தில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பையன் ஒருவன், வயது 15, தீபாவளிக்கு வந்த கடைப் பையன்களோடு கொழும்புக்குப் போய்விட்டான். புறக்கோட்டையில் ஒரு சில்லறைக் கடையில் நிற்கிறானாம். படிப்பு இலவசம், புத்தகம் இலவசம், சீருடையும் அரசாங்கம் தருகிறது. அப்படியும் பிள்ளையை வேலைக்கு அனுப்புகிற பெற்றோரை என்ன சொல்வது? ஜூன் 12, சிறுவர் தொழிலுக்கு எதிரான உலக தினத்தன்று எங்கள் இளைஞர் மன்றம் ஓர் ஊர்வலம் நடத்தப் போகிறது. பெற்றோருக்கு உறைக்கிற மாதிரி ஒரு துண்டுப் பிரசுரம் எழுதித் தர முடியுமா?

சு.

அன்புள்ள சு.,

பிரசுரம் எழுத எனக்கு மனமில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தப் பையன் எந்தத் தரத்தோடு நின்றான் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். தோட்டப் பள்ளிக்கூடங்கள் பல தரம் 5 உடன் முடிந்துவிடும். சில 9 வரை போகும், சில 11 வரை. எங்கே முடிகிறதோ அங்கேதான் பிள்ளைகள் உதிர்கிறார்கள். நான் படிப்பித்த காலத்தில் இது எங்களைவிட, பிள்ளைகளை வேலைக்குப் பிடித்துக் கொடுக்கிற தரகர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஒன்பதாம் தரப் பையன் இருக்கிற வீட்டுக்குத்தான் தேடி வருவார்கள்.

தீபாவளிக்கு முதல்நாள் ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்று பாருங்கள். புது ஜீன்ஸ், கையில் போன், அம்மாவுக்குச் சேலை என்று கடைப் பையன்கள் வந்து இறங்குவார்கள். மூட்டைகளுக்கு நடுவில் படுத்துத் தூங்குவதையோ, இரவு பத்து மணிக்குக் கடை கழுவுவதையோ யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. விடுமுறை முடிந்து வகுப்பில் இடாப்புப் பார்த்துப் பெயர் கூப்பிட்டால் இரண்டு பேர் குறைவார்கள். “அண்ணனுக்குக் காய்ச்சல் சேர்” என்பாள் தங்கச்சி. அடுத்த கிழமை “மாமா வீட்டுக்குப் போயிருக்கு.” அதற்கடுத்த கிழமை நாங்களும் கேட்பதை விட்டுவிடுவோம்.

சட்டத்தில் குறையில்லை. 1998 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி; 2016இல் அதை 16 ஆக்கினார்கள். வேலைக்கு வைக்கும் குறைந்த வயதும் 2021இல் 16 ஆனது. ஆக, உங்கள் பையன் கடையில் நிற்பதும் சட்டவிரோதம், பள்ளிக்கூடத்தில் இல்லாததும் சட்டவிரோதம். ஆனால் நம் மலைக்குச் சட்டம் எப்போதும் பிந்தித்தான் ஏறி வரும். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளிக்கூடங்கள் அதற்கு வெளியேதான் கிடந்தன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பெடுத்தது 1970களில். ஒரு தலைமுறை அதற்குள் கொழுந்துக் கூடையைத் தூக்கிவிட்டது.

இலவசம் என்கிறீர்களே, பஸ்ஸைக் கணக்கில் சேர்த்தீர்களா? மாணவர் சீசன் டிக்கெட் மலிவுதான். ஆனால் அது இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸுக்குத்தான் செல்லும். அந்த பஸ் உங்கள் தோட்டத்து வளைவு வரைக்கும் காலையில் வருகிறதா? வராவிட்டால் தனியார் பஸ், இல்லையென்றால் த்ரீவீல், அதுவும் இல்லையென்றால் மழையில் நடை. அம்மாவோ பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, நேரத்தோடு போயாக வேண்டும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். இந்த நிலையில் ஒரு வாய் குறைந்து, மாதம் ஏதோ கொஞ்சம் காசும் வருமென்றால் அவள் என்ன சொல்வாள்? தரகரிடம் முற்பணம் வாங்கிக் குடித்துத் தீர்க்கிற தகப்பன்மார் இல்லையென்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு உங்கள் பிரசுரத்தை வாசிக்க நேரம் கிடைக்காது.

2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சிறுவர் தொழிலாளர் 43,714 பேர். 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளில் ஏறக்குறைய 1 சதவீதம். குறைவுதானே என்று கொழும்பில் சொல்வார்கள். பூட்டிய கேட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் பெண்பிள்ளை எந்த உத்தியோகத்தர் முன்னால் வந்து நின்று பெயர் கொடுப்பாள்? கொழும்பில் வீட்டுவேலைக்குப் போயிருந்த டயகமச் சிறுமி 2021 ஜூலையில் தீக்காயங்களோடு இறந்தபோது ஊரெல்லாம் ஊர்வலம் போனது. பதாகைகளைச் சுருட்டி வைத்த பிறகு டயகம பஸ் நேர அட்டவணையைப் பற்றி யாரும் பேசினதாக எனக்கு ஞாபகமில்லை.

ஊர்வலத்துக்குச் சேர்த்த காசை வேறு விதமாகச் செலவழியுங்கள். உங்கள் தோட்டத்தில் இந்த வருடம் கடைசித் தரத்தை முடிக்கிற பிள்ளைகள் யார் யார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பத்துப் பதினைந்து பேருக்கு மேல் இருக்காது. அவர்களுக்கு அடுத்த பள்ளிக்கூடத்தில் அனுமதி எடுத்தாயிற்றா, போக பஸ் உண்டா என்று வீடு வீடாகக் கேளுங்கள். ‘சிசு செரிய’ என்கிற மாணவர் பஸ் கேட்டு அதிபர் மூலம் டிப்போவுக்குக் கடிதம் கொடுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் பாருங்கள். அது இல்லாமல் அடையாள அட்டை எடுப்பது பெரும் அலைச்சல். அட்டை இல்லாமல் சாதாரண தரப் பரீட்சை நேரத்தில் திண்டாட வேண்டும். அப்புறம், கணிதம். உங்கள் மன்றத்தில் உயர்தரம் படித்த யாராவது மாலையில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்தாலே போதும். கணிதம் ஓடாததால் பள்ளிக்கூடத்தை வெறுத்தவர்கள்தான் முதலில் கொழும்பு பஸ் ஏறுகிறார்கள்.

அந்தப் பையன் விஷயத்தில் முதலில் அம்மாவைப் போய்ப் பாருங்கள், பொலிஸோடு அல்ல. அதிபரிடம் பேசி, திரும்பி வந்தால் எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குச் சொல்ல உங்கள் கையில் அந்தப் பதில் இருக்க வேண்டும். கடைக்காரர் விட மறுத்தாலோ, அடி உதை என்று கேள்விப்பட்டாலோ யோசிக்காமல் 1929க்கு அழையுங்கள். அது சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

இதையெல்லாம் அடுத்த தவணை தொடங்குவதற்குள் செய்யுங்கள். ஜூன் வரை காத்திருக்க வேண்டாம்.