வட்டாரப் பனிச்சறுக்குப் பந்தயச் சங்கம் அனுப்பும் அறிவிப்புகளில் எதைக் கவனமாகப் படிக்க வேண்டும்?

உங்கள் பன்னிரண்டு வயது மகள் இந்தப் பருவத்தில்தான் ஆல்பைன் பனிச்சறுக்குப் பந்தயங்களில் இறங்கியிருக்கிறாள். வட்டாரச் சங்கத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று அறிவிப்புகள் வருகின்றன. பாதிக்கு மேல் புரியவில்லை. முடிவுப் பட்டியலை மட்டும் பார்த்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகனும் இதே விளையாட்டில் இருக்கிறான். நானும் பல பருவங்களாகக் கேட் நடுவராக, அதாவது பாதையில் நட்டிருக்கும் கம்பங்களை (கேட்) பிள்ளைகள் சரியாகக் கடக்கிறார்களா என்று பார்ப்பவராக, சரிவில் நின்று வருகிறேன். என்னைக் கேட்டால், முடிவுப் பட்டியலைத்தான் கடைசியாகப் பார்க்க வேண்டும். உங்கள் மகளின் நேரம் எப்படியும் அன்று மாலைக்குள் உங்கள் காதுக்கு வந்துவிடும். மற்ற விஷயங்களை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

முதலில் நாட்காட்டித் திருத்தங்களைப் படியுங்கள். பருவத் தொடக்கத்தில் தேதிகளைச் சங்கம் வெளியிட்டாலும், கடைசி முடிவு பனியின் கையில்தான் இருக்கிறது. ‘சனிக்கிழமை ஜயண்ட் ஸ்லாலத்துக்குப் பதிலாக ஸ்லாலம் நடைபெறும்’ என்று ஒரு வரி வந்தால் பெற்றோர் நடுவே உடனே முணுமுணுப்பு எழும். யாரோ யாருக்கோ சாதகம் செய்கிறார்கள் என்றுகூடப் பேச்சு வரும். காரணம் பெரும்பாலும் மிகச் சாதாரணமானது. இரண்டுமே கேட்களைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் பந்தய வகைகள். ஸ்லாலத்தில் ஒரு திருப்பத்துக்கும் அடுத்த திருப்பத்துக்கும் இடைவெளி 6 முதல் 13 மீட்டர்தான். சரிவின் ஒரு பகுதியில் மட்டும் நல்ல பனி கிடந்தாலே பாதை அமைத்துவிடலாம். ஜயண்ட் ஸ்லாலத்துக்கு நீளமும் அகலமும் கூடுதலாக வேண்டும். சூப்பர் ஜி, டவுன்ஹில் இரண்டும் வேகப் பந்தயங்கள் என்பதால் பாதையோரம் வலை கட்டுவதற்கே பெரும் ஆள்படை தேவை. டவுன்ஹில்லுக்கு மேலும் ஒரு நிபந்தனை உண்டு. நேரம் குறிக்கப்படும் பயிற்சி ஓட்டம் ஒன்றாவது முன்னதாக நடந்திருக்க வேண்டும். பந்தயத்தில் இறங்குபவர் அதில் தொடங்கியிருக்கவும் வேண்டும். ஆகவே வியாழனும் வெள்ளியும் மூடுபனி கவிந்துவிட்டால், சனிக்கிழமை வெயில் பளிச்சென்று அடித்தும் பயனில்லை.

பணத்துக்கும் ஆளுக்கும் குறைவில்லாத உலகக் கோப்பைக்கே இந்தக் கதி நேர்கிறது. சுவிட்சர்லாந்தின் செர்மாட் மலையில் தொடங்கி எல்லை தாண்டி இத்தாலியின் செர்வினியா பக்கம் முடியும் டவுன்ஹில் பந்தயங்களை 2022-இலும் 2023-இலும் நடத்தத் திட்டமிட்டார்கள். முதல் ஆண்டு பனி போதவில்லை. அடுத்த ஆண்டு பனிப்பொழிவும் காற்றும் விடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து எட்டுப் பந்தயங்கள், ஒன்றுகூட நடக்கவில்லை. அதன்பின் அந்தப் பந்தயமே நாட்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொண்டால், தன்னார்வலர்களை நம்பி நடக்கும் வட்டாரச் சங்கம் ஒரு வார இறுதியை ரத்து செய்யும்போது அவ்வளவு கோபம் வராது.

பருவத்தின் பிற்பகுதியில் ‘பாதையில் உப்பு இடப்படும்’ என்று ஓர் அறிவிப்பு வரக்கூடும். சாலையில் பனியை உருக்கத்தானே உப்பு போடுவார்கள் என்று நீங்கள் குழம்பலாம். பந்தயப் பாதையில் நடப்பது வேறு. ஈரமான பனியின் மேற்பரப்பை உப்பு உருக்கும்போது, அதற்கு வேண்டிய வெப்பம் சுற்றியிருக்கும் பனியிலிருந்தே இழுக்கப்படுகிறது. அதனால் அங்கே இருக்கும் நீர் உறைந்து, மெத்தென்றிருந்த தளம் சிறிது நேரத்துக்குக் கெட்டியாகிவிடுகிறது. அந்த வரியைக் கண்டால், கெட்டித் தளத்தில் பிடி கிடைக்க, அன்றிரவே மகளின் ஸ்கீ (சறுக்குப் பலகை) விளிம்புகளைத் தீட்டி வையுங்கள்.

‘எங்கள் வட்டாரத்தில் இருப்பது சின்னக் குன்று, இங்கே பழகி என்ன ஆகப்போகிறது’ என்று ஒருவர் கருத்தில் எழுதியிருந்தார். ஆல்பைன் பனிச்சறுக்கில் ஒலிம்பிக் தங்கம் வென்ற லிண்ட்சி வான் பழகியது அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள பக் ஹில் என்ற குன்றில். உச்சியிலிருந்து அடிவாரம் வரை நூறு மீட்டர் உயரம்கூட இல்லை. சின்னக் குன்றில் ஒரே மாலையில் பிள்ளைகள் மேலே போய் இறங்கும் தடவைகள் பெரிய மலையில் கிடைக்காது. சங்கத்தின் அறிவிப்பில் ‘புதன் மாலை ஸ்லாலம் பயிற்சி’ என்று சிறிய எழுத்தில் இருப்பதை, தூரத்து மலையில் நடக்கும் பகட்டான முகாமைவிட நான் மதிப்பதற்குக் காரணம் இதுதான்.

இனி புள்ளிகள். பெற்றோர் அதிகம் தூக்கம் கெடுவது இதனால்தான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். மற்ற விளையாட்டுகளில் புள்ளி கூடக் கூட நல்லது. இங்கே குறையக் குறைய நல்லது. உலகின் முதல்நிலை வீரருக்குப் பூஜ்யத்தை ஒட்டிய புள்ளி. கணக்கு இப்படிப் போகும்: உங்கள் பிள்ளையின் நேரத்தை வென்றவரின் நேரத்தால் வகுத்து, அதிலிருந்து ஒன்றைக் கழித்து, அந்தப் பந்தய வகைக்கு உரிய எண்ணால் பெருக்க வேண்டும். சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிஸ் பயன்படுத்திவரும் எண்கள் ஸ்லாலத்துக்கு 730, ஜயண்ட் ஸ்லாலத்துக்கு 1010, சூப்பர் ஜி-க்கு 1190, டவுன்ஹில்லுக்கு 1250. ஸ்லாலத்தில் வென்றவர் இரண்டு ஓட்டங்களையும் சேர்த்து 90 வினாடி, உங்கள் பிள்ளை 93 வினாடி என்றால் பந்தயப் புள்ளி 24.33. அதே நேரங்கள் ஜயண்ட் ஸ்லாலத்தில் வந்தால் 33.67.

இதோடு முடிந்திருந்தால் எளிது. வென்றவர் எவ்வளவு திறமையானவர் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டுமே! அதற்காகத்தான் அறிவிப்பில் ‘பெனால்ட்டி’ என்று ஓர் எண் வருகிறது. பெயரைப் பார்த்துவிட்டு, பிள்ளை ஏதோ தப்பு செய்து தண்டனை வாங்கிவிட்டாள் என்று பதறுபவர்கள் உண்டு. அது அந்தப் பந்தயத்தில் கூடியவர்களின் தரத்தைக் காட்டும் எண். எல்லாருடைய பந்தயப் புள்ளியோடும் சமமாகக் கூட்டப்படும். முதல் பத்து இடங்களுக்குள் வந்தவர்களில் ஏற்கெனவே சிறந்த புள்ளி வைத்திருந்த ஐவரின் புள்ளிகளைக் கூட்டுகிறார்கள். தொடக்கக் கோட்டில் நின்ற அனைவரிலும் சிறந்த ஐவரின் புள்ளிகளை அதோடு சேர்க்கிறார்கள். முதலில் சொன்ன ஐவரும் அன்று வாங்கிய பந்தயப் புள்ளிகளைக் கழித்து, பத்தால் வகுக்கிறார்கள். வலுவானவர்கள் கூடிய பந்தயத்தில் பெனால்ட்டி குறைவு. அங்கே பதினைந்தாவதாக வருவது, யாரும் வராத பந்தயத்தில் இரண்டாவதாக வருவதைவிட நல்ல புள்ளியைத் தரக்கூடும். முடிவுப் பட்டியலில் இடத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாமலே போகும்.

இந்தப் புள்ளிகளை எவ்வளவு நம்பியிருக்கிறார்கள் என்பதற்கு ஒரு பழைய வழக்கு சான்று. வயலின் கலைஞர் வனேசா மே 2014 சோச்சி ஒலிம்பிக்கில் தாய்லாந்து சார்பில் ஜயண்ட் ஸ்லாலத்தில் இறங்கினார். ஓட்டத்தை முடித்த 67 பேரில் 67-ஆவதாக வந்தார். அவருக்குத் தகுதிப் புள்ளிகளைத் தந்த பந்தயங்கள் அந்த ஜனவரியில் ஸ்லோவேனியாவின் கிர்வாவெட்ஸில் நடந்தவை. அவற்றின் முடிவுகள் திரிக்கப்பட்டிருந்தன என்று ஃபிஸ் விசாரணைக் குழு கண்டது. ஓடாதவர் ஒருவரின் பெயர்கூட முடிவுப் பட்டியலில் இருந்ததாம். வனேசா மேக்கு நான்கு ஆண்டுத் தடை விதித்தார்கள். அவர் சம்பந்தப்பட்டார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று விளையாட்டு நடுவர் மன்றம் 2015-இல் அந்தத் தடையை நீக்கியது; பந்தய முடிவுகள் மட்டும் ரத்தானபடியே இருந்தன. பந்தயத்தை மேற்பார்வையிடும் தொழில்நுட்பப் பிரதிநிதி, ஜூரி உறுப்பினர்கள் பெயர்கள் ஒவ்வொரு முடிவுப் பட்டியலின் தலைப்பிலும் ஏன் அச்சாகின்றன என்று யோசித்திருந்தால், காரணம் இதில் இருக்கிறது.

ஆனால் உங்கள் மகளுக்கு இதில் எதுவும் இப்போது தேவையில்லை. ஃபிஸ் புள்ளிப் பட்டியலுக்குள் வர, அந்தப் பருவத்தின் டிசம்பர் 31-க்குள் 16 வயது ஆகியிருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பெனால்ட்டியை அட்டவணை போட்டுக் கணக்கிடும் தந்தைமார்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அட்டவணையால் எந்தப் பிள்ளையும் வேகமாக இறங்கியதில்லை. வயதுப் பிரிவு பற்றிய அறிவிப்பை மட்டும் படித்து வையுங்கள். பிரிவு மாறுவது பிறந்த ஆண்டை வைத்துத்தான், பிறந்தநாளை வைத்து அல்ல. டிசம்பரில் பிறந்த பிள்ளை, கிட்டத்தட்ட ஒரு வயது மூத்த ஜனவரிப் பிள்ளையோடுதான் மோத வேண்டியிருக்கும். இந்த வயதில் அந்த இடைவெளி மிகப் பெரியது. முடிவுப் பட்டியலைப் பார்த்து மனம் சோர்வதற்கு முன் இதையும் நினைத்துப் பாருங்கள்.

பெயருக்கு எதிரே வரும் சுருக்கெழுத்துகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். டிஎன்எஸ் என்றால் தொடங்கவில்லை, டிஎன்எஃப் என்றால் முடிக்கவில்லை, டிஎஸ்க்யூ என்றால் தகுதிநீக்கம். மூன்றாவதில்தான் சண்டை வரும். கேட்டைச் சரியாகக் கடப்பது என்றால் இரண்டு ஸ்கீ முனைகளும் இரண்டு பாதங்களும் கேட்டின் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். ஸ்லாலத்தில் ஒரு ஸ்கீ கம்பத்தின் தவறான பக்கம் போய்விட்டாலும், வேகத்தில் பிள்ளைக்கே அது தெரியாது. ‘நான் எல்லாக் கேட்டையும் கடந்தேன்’ என்று அவள் உண்மையாகவே நம்பிச் சொல்வாள். எதிர்ப்பு தெரிவிக்க வேண்டுமென்றால், தகுதிநீக்கப் பட்டியல் வெளியான 15 நிமிடங்களுக்குள் எழுத்தில், கட்டணத்தோடு தர வேண்டும். எதிர்ப்பு ஏற்கப்பட்டால் கட்டணம் திரும்பி வரும். மறுநாள் சங்கத்துக்கு நீண்ட கடிதம் எழுதுவதில் பலனில்லை.

மகளுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டிய விதிகள் இரண்டு. பாதையில் யாராவது குறுக்கிட்டால் உடனே ஓரம் ஒதுங்கி, அருகிலிருக்கும் கேட் நடுவரிடம் மறு ஓட்டம் கேட்க வேண்டும். கீழே வரை ஓடி முடித்துவிட்டு, வந்த நேரம் பிடிக்கவில்லை என்று கேட்டால் கிடைக்காது. அடுத்தது, ஸ்லாலத்தில் கேட்டைத் தவறவிட்டு நின்றுவிட்டால் பின்னால் ஏறிப்போய் அதைக் கடந்து தொடரலாம், அடுத்தவருக்கு இடைஞ்சல் இல்லாதவரை. ஜயண்ட் ஸ்லாலத்திலும் வேகப் பந்தயங்களிலும் முழுதாக நின்றுவிட்டால் அத்தோடு சரி.

உபகரண அறிவிப்புகளை அலட்சியம் செய்யாதீர்கள். ஸ்கீ வழுக்கிச் செல்ல அடியில் பூசும் ஃபுளோரின் கலந்த மெழுகை ஃபிஸ் 2023-24 பருவத்திலிருந்து முழுதாகத் தடை செய்தது. அந்த அக்டோபரில் சோல்டனில் நடந்த உலகக் கோப்பைத் தொடக்கப் பந்தயத்திலேயே நார்வேயின் ராக்ன்ஹில்ட் மோவின்கெல் இந்தச் சோதனையில் சிக்கித் தகுதிநீக்கம் ஆனார். இயற்கையில் சிதையாமல் தங்கிவிடும் வேதிப்பொருள் என்பதே தடைக்குக் காரணம். பெற்றோர் கவனிக்க வேண்டியது, பழைய ஸ்கீயின் அடிப்பாகத்திலும் பழைய பிரஷ்களிலும் எச்சம் ஒட்டியிருக்கலாம் என்பதை. ஒருவர் பயன்படுத்திய ஸ்கீயை வாங்கினால், தேய்த்துச் சுத்தம் செய்யாமல் பந்தயத்துக்கு அனுப்பாதீர்கள். ஹெல்மெட்டில் காதுப்பகுதி கடினமானதா மென்மையானதா என்றும் பாருங்கள். மென்மையான காதுப்பகுதி ஸ்லாலத்துக்கு மட்டும் பொருந்தும் என்பதே ஃபிஸ் விதி.

கடைசியாக, எல்லா அறிவிப்பின் அடியிலும் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: ‘வார இறுதிக்குக் கேட் நடுவர்கள் தேவை.’ பெரும்பாலானோர் அதற்கு முன்பே படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு பந்தயம் ரத்தாவதற்குப் பனிப்பற்றாக்குறை மட்டும் காரணமல்ல, ஆள் இல்லாததும் காரணம். வலை கட்ட, பாதையைச் சீராக்க, தொடக்கத்தில் நிற்க, மின்னணுக் கருவி தவறினால் உதவக் கையால் நேரம் குறிக்க என்று எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். கேட் நடுவராக இருக்க நீங்கள் பனிச்சறுக்கு வீரராக இருந்திருக்கத் தேவையில்லை. காலைக் கூட்டத்தில் விதிகளைச் சொல்லித்தந்து, நான்கைந்து கேட்களைப் பிரித்துக் கொடுப்பார்கள். தவறு நடந்தால் பிப் எண்ணையும் (பிள்ளை அணிந்திருக்கும் பந்தய எண்) கேட் எண்ணையும் அட்டையில் எழுதி, ஸ்கீ போன தடத்தை வரைய வேண்டும். ஒரு பிள்ளை நின்று உங்களைத் திரும்பிப் பார்த்தால் ‘போ’ அல்லது ‘திரும்பு’, இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்லலாம். அது உங்கள் மகளாகவே இருந்தாலும் அவ்வளவுதான். பெயர் கொடுத்துவிட்டால், நினைத்ததைவிட ஓர் அடுக்கு அதிகமாக உடுத்திக்கொள்ளுங்கள், அசையாமல் நின்றால் குளிர் வேறு மாதிரி. பேனாவை வீட்டில் வைத்துவிட்டுப் பென்சில் எடுத்துப் போங்கள்.