விஞ்ஞானிகள் தேனீ ஆராய்ச்சிகளைப் பகிர்ந்துகொள்வதால் தேனீ வளர்ப்பவருக்கு என்ன லாபம்?

கேள்வியை மட்டும் பார்த்திருந்தால் கடந்து போயிருப்பேன். கேட்டவர் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "அவர்கள் தங்களுக்குள் கட்டுரை எழுதி, மாநாடு போட்டு, கைதட்டிக்கொள்கிறார்கள். நமக்கு என்ன?" அந்த 'நமக்கு என்ன'வுக்காகத்தான் இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் யூடியூப் பார்த்துவிட்டு இரண்டு பெட்டி வாங்கி மொட்டை மாடியில் வைத்தவர் என்று நினைக்கிறேன். முதல் மழையிலேயே ஒரு தேனீக் கூட்டம் ஓடிப்போயிருக்கும். அந்தக் கடுப்பில் கேட்டிருக்கிறீர்கள். தப்பில்லை.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். மார்த்தாண்டம் தேன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்த வட்டாரம். 1920களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் கிராம முன்னேற்ற மையம் வைத்து, கோழி, நெசவு, தேனீ என்று சொல்லிக்கொடுத்தார். அதற்கும் முன்னால் திருச்சிப் பக்கம் நியூட்டன் பாதிரியார் நம் ஊர்த் தேனீக்கு ஏற்ற அளவில் பெட்டி செய்து பழக்கியிருந்தார். மரப்பொந்திலும் பானையிலும் கிடந்த கூட்டம், அடை கட்ட மரச்சட்டம் போட்ட பெட்டிக்கு வந்ததே, யாரோ ஒருவர் தனக்குத் தெரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளாததால்தான். எங்கள் வீட்டில் தாத்தா, அப்பா, இப்போது நான். வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுவார், தேனீ என் பொறுப்பு. ஒரு பெண் தனியாகத் தேன் எடுப்பாளா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதை விடுங்கள்.

பகிராவிட்டால் என்ன ஆகும் என்பதை முதலில் சொல்கிறேன். எங்கள் பக்கம் பெரியவர்கள் 'சீக்கு வந்த வருஷம்' என்றால் 1991, 92 என்று அர்த்தம். தாய் சாக்புரூட் என்ற வைரஸ். வளர்ந்த தேனீயைக் கொல்லாது, புழுவைக் கொல்லும். நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அப்பா ஒரு சட்டத்தைத் தூக்கி வெயிலில் பிடித்து, ஈர்க்குச்சியால் அறைக்குள்ளிருந்து ஒரு புழுவைத் தூக்கிக் காட்டியது கண்ணிலேயே நிற்கிறது. தலைப்பக்கம் படகின் முனை மாதிரி மேலே வளைந்திருந்தது. உடம்பு நீர் கோத்த சின்னப் பையாகத் தொங்கியது. குச்சி கொஞ்சம் அசைந்ததும் உடைந்து ஒழுகிவிட்டது. "இது என்ன மக்களே, இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல" என்றார். தென்னிந்தியாவில் அந்தச் சீக்கில் போன பெட்டிகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். எங்கள் தோட்டத்தில் சீக்கு ஆடி ஓய்ந்தபோது காலிப் பெட்டிகளில் மெழுகுப் பூச்சிதான் குடியிருந்தது.

இப்போது வயிற்றெரிச்சலான விஷயம். அந்த நோயைத் தாய்லாந்தில் 1976லேயே பார்த்துவிட்டார்கள். 1978ல் நம் மேகாலயாவில் வந்துவிட்டது. 1982ல் இங்கிலாந்தில் பெய்லி என்பவரும் கூட்டாளிகளும் இது ஆசியத் தேனீயிடமிருந்து கிடைத்த தனி ரகம் என்று எழுதியும் வைத்துவிட்டார்கள். எங்களிடம் வந்தது 1991ல். இடையில் கிடந்த அத்தனை வருஷத்தில் மார்த்தாண்டத்தில் பெட்டி வைத்திருந்த ஒருவர் காதிலும் அந்தப் பெயர் விழவில்லை.

உடனே ஒருவர் வருவார்: "தெரிந்திருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பீர்கள்? அதற்கு மருந்தே இல்லையே." சரி, மருந்து இல்லைதான், இன்றைக்கும் இல்லை. ஆனால் அப்போது ஊரில் எல்லாரும் என்ன செய்தார்கள் தெரியுமா? மெலிந்த பெட்டிக்குத் தெம்பு வரட்டும் என்று நல்ல பெட்டியிலிருந்து புழுச் சட்டத்தை எடுத்து இதில் வைப்பது, இதில் இருப்பதை அதில் வைப்பது. ஓடிப்போன பெட்டிக்குப் பக்கத்து ஊரிலிருந்து புதுக் கூட்டம் வாங்கி வருவது. சாதாரண நாளில் அது நல்ல பழக்கம். வைரஸ் இருக்கும்போது அதுவே சீக்கை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கிற வேலை. சட்டத்தை மாற்றாதே, கூட்டம் வாங்காதே, சீக்குக்குத் தப்பித்த பெட்டியிலிருந்து மட்டும் ராணி வளர்த்துக் கூட்டத்தைப் பிரி என்று தமிழில் ஒரு அரைப்பக்க நோட்டீஸ் போதும். கடைசியில் தொழில் மீண்டதும் அப்படித்தான்: தாக்குப் பிடித்த கூட்டங்களைப் பிரித்துப் பிரித்து. எங்கள் பக்கம் அது விஞ்ஞானிகள் சொல்லித் தெரிந்ததல்ல, ஆட்கள் கையால் தடவிக் கண்டுபிடித்தது.

ஆகவே 'தங்களுக்குள் பகிர்ந்துகொள்வது' போதாது என்பதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் 'நமக்கு என்ன' என்பதில் இருக்கிறது.

சில வருஷம் முன்னால் ஆராய்ச்சி செய்யும் பையன் ஒருவன் எங்கள் தோட்டத்தில் ஒரு சீசன் முழுக்கத் தங்கினான். திருச்சூர்க்காரன், என்னைச் சேச்சி என்றுதான் கூப்பிடுவான். (அதற்கு முன் ஒரு கல்லூரியிலிருந்து கூட்டமாக வந்து, புழு, ஈ, மெழுகு எல்லாம் குப்பியில் போட்டுக்கொண்டு, 'ரிசல்ட் அனுப்புகிறோம்' என்று போனவர்கள் இன்றுவரை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் இவனையும் முதலில் நான் திண்ணையோடு நிறுத்தித்தான் பேசினேன்.) அவன் எங்கள் ஊர்த் தச்சரிடம் ஒரே ஒரு அடை நிற்கிற மாதிரி, இரண்டு பக்கமும் கண்ணாடி போட்ட ஒடுக்கமான பெட்டி செய்து வாங்கினான். ஒரு கூட்டத்தை அதில் விட்டு, கறுப்புத் துணி போட்டு மூடி, தேவைப்படும்போது மட்டும் துணியைத் தூக்கிப் பார்ப்பான்.

தேனீ ஆடுவதை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். சட்டம் தூக்கும்போது ஒன்றிரண்டு கிறுக்குப் பிடித்தது மாதிரி சுற்றும். அப்பா அதைக் கண்டுகொள்ளவே மாட்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தபோதுதான் முழுசாகத் தெரிந்தது. வெளியிலிருந்து வந்த ஈ நெரிசலுக்குள் நுழைந்து, வயிற்றை இடமும் வலமும் வேகமாக ஆட்டிக்கொண்டு நேராகக் கொஞ்ச தூரம் ஓடுகிறது. நின்று, இடப்பக்கமாகச் சுற்றி புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. மறுபடி அதே கோட்டில் அதே ஓட்டம், இந்தத் தடவை வலப்பக்கமாகச் சுற்றி வருகிறது. பின்னாலேயே நாலைந்து பேர் உணர்கொம்பால் அதன் மேல் உரசிக்கொண்டு ஓடுகிறார்கள். அடையில் நேர் மேலே ஓடினால் சூரியன் இருக்கும் திசை. வலப்பக்கம் முப்பது டிகிரி சாய்ந்தால் சூரியனுக்கு வலப்பக்கம் முப்பது டிகிரி. எவ்வளவு நேரம் ஆட்டுகிறதோ அவ்வளவு தூரம். இதைக் கண்டுபிடித்தவர் கார்ல் வான் ஃபிரிஷ், 1973ல் லோரன்ஸ், டின்பெர்கன் இருவரோடு சேர்த்து நோபல் கொடுத்தார்கள். முதலில் அவர், வெறுமனே வட்டமாகச் சுற்றும் இன்னொரு ஆட்டம் தேனுக்கு, இந்த ஆட்டம் மகரந்தத்துக்கு என்றுதான் எழுதினாராம். இருபது வருஷம் கழித்து அது பொருளைப் பற்றியதல்ல, தூரத்தைப் பற்றியது என்று அவரே திருத்தி எழுதினார். பையன் இதைச் சொன்னபோது எனக்கு அந்த மனிதர் மேல் மதிப்பு கூடியது.

என் மகனின் ஜியோமிதிப் பெட்டியிலிருந்து கோணமானி, ஒரு நூல், நூல் நுனியில் ஒரு நட்டு. இவ்வளவுதான் கருவி. நூல் செங்குத்துக் கோடு காட்டும், கோணமானி சாய்வு காட்டும், செல்போன் வீடியோ நொடி காட்டும். நானே பழகிவிட்டேன். பொங்கல் கழிந்து ரப்பர் தளிர் விட்டிருந்த சமயம். ரப்பருக்குத் தேன் பூவிலிருந்து வருவதில்லை, மூன்று இலையும் சேரும் காம்பு நுனியில் கசியும். அப்போது பார்த்தால், தேன் கொண்டு வருகிற ஈக்கள் எல்லாம் எங்களைச் சுற்றியிருந்த ரப்பரைக் காட்டின. காலில் மகரந்தத்தோடு வந்தவை மட்டும் வேறு பக்கம் காட்டின. அந்தக் கோட்டைப் பிடித்து நடந்தால் பரளியாற்றங்கரைத் தென்னைகள். எனக்கு அப்போதுதான் ஒரு பழைய கணக்கு விளங்கியது: நடு ரப்பருக்குள் வைக்கிற பெட்டிகளில் தேன் அறை நிரம்பும், ஆனால் சீசன் முடியும்போது புழு குறைந்து கூட்டம் மெலிந்திருக்கும். ரப்பரில் தேன் உண்டு, குஞ்சுக்கு ஊட்ட மகரந்தம் போதாது. அந்த வருஷத்திலிருந்து தென்னையும் கலந்த ஓரத்தில்தான் பெட்டி வைக்கிறேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, "நாங்களும் ஓரத்துலதான் வச்சோம், ஆனா ஏன்னு தெரியாது" என்றார். தெரியாமலா வைத்தார்? அது தனி விவாதம்.

இன்னொன்று, பயிற்சி வகுப்புகளில் இப்போதும் 'தேனீ மூன்று கிலோமீட்டர் போகும்' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். மேல்நாட்டுத் தேனீயைப் பார்த்து எழுதிய கணக்கு அது. ஃபிரிஷின் மாணவர் லிண்டாவர் 1950களில் இலங்கைக்கு வந்து நம் பக்கத்துத் தேனீக்களின் ஆட்டம் வேறு மாதிரி என்று கவனித்தார். 2020ல் பெங்களூர் என்.சி.பி.எஸ். என்ற உயிரியல் ஆராய்ச்சி மையத்தில் ஆக்சல் புரோக்மனும் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆட்களும் சேர்ந்து, தென்னிந்தியாவில் பெட்டித் தேனீ, கொம்புத் தேனீ, மலைத்தேனீ மூன்றையும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். ஒரே தூரத்தைச் சொல்ல நம் பெட்டித் தேனீ அதிக நேரம் ஆட்டும், மலைத்தேனீ குறைந்த நேரம், கொம்புத் தேனீ நடுவில். காரணம், பெட்டித் தேனீ மேயப் போகும் தூரம் மூன்றிலும் குறைவு. அருகில் மேய்பவனுக்கு அருகில் உள்ளதைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் பயிற்சி அதிகாரியிடம் இதைச் சொன்னேன். "புத்தகத்தில் அப்படி இல்லையே" என்றார். இந்தக் கட்டுரை வெளியே வராமல் ஒரு அலமாரியில் கிடந்திருந்தால் நானும் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன்.

'எல்லாவற்றுக்கும் வெள்ளைக்காரன் ஆராய்ச்சியா' என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு: மேலே பெங்களூர் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். பெங்களூரிலேயே இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் ஒரு குளவி இனத்தைப் பல காலம் பார்த்து, ராணியை எடுத்துவிட்டால் வேலைக்காரிகளில் ஒருத்தி உடனே மூர்க்கமாகி அடுத்த ராணியாகிறாள், அவள் யார் என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது, குளவிகளுக்குத் தெரிந்திருக்கிறது என்று காட்டினார். 

இந்த இடத்தில் ஒரு ஆற்றாமை, கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். பெட்டிகளை ராத்திரி லாரியில் ஏற்றிக் களியக்காவிளை தாண்டிக் கொண்டுபோனால் அந்தக் கேரளப் பக்கம் நாங்கள் 'பாண்டிக்காரர்'. அதே தேனைச் சென்னைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனால் வாயைத் திறந்ததும் "நீங்க மலையாளியா மேடம்?" 1956 நவம்பர் 1ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், அதற்காக இங்கே உயிர் விட்டவர்கள் இருக்கிறார்கள். இன்னும் பேச்சுக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஈக்கு மட்டும்தான் அந்தச் செக்போஸ்ட் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பகிர்வது யாரோடு என்பதுதான் கேள்வி. அந்தத் திருச்சூர்ப் பையன் தன் கட்டுரை வந்ததும் எனக்கு அனுப்பினான், போன் போட்டு மலையாளமும் தமிழும் கலந்து ஒவ்வொரு படமாக விளக்கினான். ஆனால் அதே கட்டுரையை நான் நேராகப் போய்ப் படிக்கப் பார்த்தால் இதழ் டாலரில் காசு கேட்கிறது. 2025லிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய் போட்டு, சுமார் 13,000 இதழ்களைத் திறந்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அரசுக் கல்லூரி, ஆராய்ச்சி நிலையங்களுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும். குப்பியில் போக என் பெட்டியின் புழு வேண்டும், படிக்க எனக்கு ஐடி கார்டு வேண்டும். இதை எங்கே போய்ச் சொல்ல?

உங்களுக்கு உபயோகமாக: கட்டுரையின் சுருக்கம் எல்லாருக்கும் திறந்திருக்கும், அதிலேயே ஆசிரியரின் மின்னஞ்சல் பெரும்பாலும் இருக்கும். நேராக எழுதிக் கேளுங்கள், பிரதி அனுப்புவதில் அவர்களில் நிறையப் பேருக்குச் சந்தோஷம்தான். கட்டுரைகளை அச்சுக்கு முன்பே போட்டுவைக்கும் பயோஆர்க்சிவ் (bioRxiv) தளம் 2013லிருந்து இருக்கிறது, காசில்லை. உங்கள் தோட்டத்துக்கு யாராவது மாதிரி எடுக்க வந்தால், முடிவைத் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தருவதாக ஒத்துக்கொண்ட பிறகு பெட்டியைத் திறங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன், ஒருவர் முகம் சுளித்துத் திரும்பிப் போனார், போகட்டும்.

கண்ணாடிப் பெட்டி செய்து பார்ப்பதென்றால் நிழலில் வையுங்கள். வெளிச்சம் அடை மேல் விழுந்தால் ஈ அந்த வெளிச்சத்தையே சூரியனாக எடுத்துக்கொண்டு ஆடும், உங்கள் கோணமானி தப்புக் காட்டும். எங்கள் பக்கம் ஏப்ரல் இரண்டாம் வாரம் உச்சிவேளையிலும் பார்க்காதீர்கள், சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும், ஆட்டத்துக்குத் திசை பிடிபடாது. காலை ஒன்பது, பத்து மணி நல்ல நேரம்.