வண்டி வேண்டுமா, பணம் வேண்டுமா?

கேள்வி: ஐந்து மாதங்களுக்கு முன் பழைய கார் வியாபாரி ஒருவரிடம் 2017 மாடல் டீசல் சொகுசு எஸ்யூவி வாங்கினேன். ஃபோர் வீல் டிரைவ், வெளிநாட்டு பிராண்டு, டெல்லிப் பதிவு எண். விலை 24 லட்சம், முழுவதும் வங்கி வழியாகக் கொடுத்தேன். ஆர்.சி. இன்னும் டெல்லிக்காரர் பெயரில்தான் இருக்கிறது. அவர் கையெழுத்துப் போட்ட, பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் எண் படிவங்களைத் தந்துவிட்டு, "ஒரு வருஷம் இப்படியே ஓட்டலாம்" என்றார் வியாபாரி. ஆர்.சி.யில் ஒரு வங்கியின் பெயர் இருக்கிறது. கடன் முடிந்துவிட்டதாம், கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. மீட்டரில் 61,000 கிலோமீட்டர். போன வாரம் ஏர் சஸ்பென்ஷன் இறங்கிப்போய் கம்பெனி சர்வீசுக்குக் கொண்டுபோனால், அவர்கள் கணினியில் 2022-லேயே 1,14,000 என்று இருக்கிறது. ரிப்பேர் செலவு 3 லட்சத்துக்கு மேல். கேட்டால், வியாபாரி ரசீதில் "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது" என்று எழுதியிருப்பதைக் காட்டுகிறார். நான் என்ன செய்யலாம்? (வாசகர், தமிழ்நாடு)

பதில்: உங்கள் கடிதத்தோடு வந்த ரசீதின் படத்தைப் பார்த்தேன். அரைப் பக்கம், ஒரு ரப்பர் ஸ்டாம்ப், ஜிஎஸ்டி எண் இல்லை. 24 லட்ச ரூபாய்க்கு அதுதான் ஆவணம். சரி, நடந்தது நடந்துவிட்டது. ஆனால் இனி எதைச் செய்வதற்கு முன்பும் நீங்கள் ஒரு விஷயத்தை முடிவு செய்தாக வேண்டும். வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கப்போகிறீர்களா, வண்டியை வைத்துக்கொண்டு நஷ்ட ஈடு கேட்கப்போகிறீர்களா? இரண்டுக்கும் பாதை வேறு. பலர் இதை முடிவு செய்யாமலே ஒரு பக்கம் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவார்கள், மறுபக்கம் அதே வண்டியில் குடும்பத்தோடு மலையேறிவிட்டு வருவார்கள். அந்தப் படங்கள் எதிர்த்தரப்பு வக்கீலின் கைக்குப் போய்ச் சேரும்.

காரணத்தைச் சொல்கிறேன். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வாங்கிய பொருளை நியாயமான காலத்துக்குள் மறுக்காமல் வைத்துக்கொண்டால் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். ஏற்றுக்கொண்ட பிறகு, விற்றவர் நிபந்தனையை மீறியிருந்தாலும் பொதுவாக நஷ்ட ஈடுதான் கேட்க முடியும், பொருளைத் திருப்பித் தள்ள முடியாது. ஏமாற்றி விற்றிருந்தால் ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் ஒப்பந்தத்தையே ரத்து செய்யும் உரிமை தனியாக இருக்கிறது. அந்த உரிமையும், ஏமாற்று தெரிந்த பிறகு வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தால் கரையத் தொடங்கும். உங்களுக்குத் தெரிந்தது போன வாரம். ஆகவே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது.

என்னைக் கேட்டால், பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மீட்டருக்காகக்கூட நான் இதைச் சொல்லவில்லை, ஆர்.சி.யில் இருக்கும் அந்த வங்கியின் பெயருக்காகச் சொல்கிறேன்.

அந்தப் பெயர்தான் அடமானக் குறிப்பு. அது இருக்கும்வரை, கடன் கொடுத்தவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. கடன் உண்மையிலேயே முடிந்திருந்தால் வங்கி, அடமானம் முடிந்ததைத் தெரிவிக்கும் 35-ஆம் எண் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, தடையில்லாச் சான்றும் கொடுத்திருக்கும். முடிந்துபோன கடனுக்கு அந்தக் காகிதம் கைக்கு வர ஐந்து மாதம் ஆகாது. கடன் பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், தவணை கட்டாமல் விட்டவர் டெல்லியில் இருப்பார், வண்டியைத் தேடி வங்கியின் ஆட்கள் உங்கள் வாசலுக்கு வருவார்கள். விற்கும் பொருளின்மேல் சொல்லப்படாத பாத்தியதை எதுவும் இல்லை என்ற உறுதி, எழுதாவிட்டாலும் ஒவ்வொரு விற்பனையிலும் உண்டு. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அது. ஆர்.சி.யில் அந்தப் பெயரைப் பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்பார் வியாபாரி. "கடன் முடிந்துவிட்டது" என்று அவர் சொன்னது வாட்ஸ்அப்பில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது அந்த ரசீதைவிடப் பெறுமானமுள்ளது.

அடுத்து "ஒரு வருஷம் ஓட்டலாம்" என்ற கதை. வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதிய பதிவு எண் வாங்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த 12 மாதத்தைத்தான் உங்களிடம் எடுத்துக் காட்டியிருக்கிறார். அது உரிமையாளர் தன் வண்டியோடு மாநிலம் மாறி வருவதற்கான கணக்கு. வண்டி கைமாறினால் 50-ஆம் பிரிவு வந்துவிடும். வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பகுதி ஆர்.டி.ஓ.விடம் தெரிவிக்க வேண்டும். அதைத் தாண்டி நான்கு மாதம் ஆகிவிட்டது. இதற்கான அபராதம் பெரிய தொகை அல்ல. பயப்பட வேண்டியது இன்சூரன்சைப் பற்றி.

வண்டி விற்றவுடன் பாலிசி தானாக வாங்கியவருக்கு மாறிவிடும் என்று 157-ஆம் பிரிவைக் காட்டிச் சொல்பவர்கள் உண்டு. பாதிதான் உண்மை. அந்தத் தானான மாற்றம் மூன்றாம் நபருக்கு ஏற்படும் இழப்புக்கு மட்டும்தான் என்று உச்ச நீதிமன்றம் 1990-களிலேயே சொல்லிவிட்டது. உங்கள் வண்டி மரத்தில் மோதினாலோ, திருடு போனாலோ, வெள்ளத்தில் நின்றாலோ, டெல்லிக்காரர் பெயரில் இருக்கும் பாலிசியில் உங்களுக்கு ஒரு பைசா வராது. வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பித்துப் பெயரை மாற்றியிருக்க வேண்டும். இன்னொன்று, நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். முந்தையவரின் 50 சதவீதத் தள்ளுபடியோடு ஓடும் பாலிசியை வைத்துக்கொண்டு கிளெய்ம் போட்டவர்களின் வழக்குகளைப் பார்த்திருக்கிறேன். நல்லபடியாக முடிந்ததில்லை. ஆகையால் இன்றிலிருந்து வண்டி ஷெட்டிலேயே நிற்கட்டும். வழக்குக்கும் அது நல்லது.

கையெழுத்துப் போட்ட படிவங்களை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் 29-ஐயும் 30-ஐயும் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். பதிவு உரிமையாளர் இறந்துபோனார். வாரிசுகள் மூவர், ஒருவர் வெளிநாட்டில். பெயர் மாற்ற இரண்டு வருடம் ஆனது. அதே சமயம் இந்தப் பிரச்சினையில் உங்களுக்கு வாய்த்த நல்ல கூட்டாளியும் அந்த டெல்லிக்காரர்தான். ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்கே என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் வண்டி பல கை மாறியிருந்தும் பதிவில் இருந்தவர் தப்பவில்லை. ஆகவே உங்களைவிட அவருக்குத்தான் அவசரம், அவர் அதை அறியாமல் இருக்கலாம். பதிவுத் தபாலில் மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். வண்டியை வியாபாரியிடம் எப்போது, எத்தனை கிலோமீட்டரில், என்ன விலைக்குக் கொடுத்தார், கடன் முடிந்ததா என்று கேளுங்கள். 2023 ஏப்ரலில் இருந்து, அங்கீகாரம் பெற்ற பழைய கார் வியாபாரியிடம் வண்டியை ஒப்படைக்கும்போது 29சி படிவத்தில் தெரிவிக்கும் முறை வந்திருக்கிறது. அப்படித் தெரிவித்திருந்தால் அந்தத் தேதி முதல் வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். தெரிவித்தாரா என்பதையும் கேளுங்கள். அவர் பதிலில் 1,14,000-க்கு மேல் ஒரு எண் இருந்துவிட்டால் உங்கள் வழக்கு முக்கால்வாசி முடிந்த மாதிரி.

இப்போது மீட்டர். "உள்ளது உள்ளபடி" என்ற வரி, வாங்கும்போது கண்ணுக்குத் தெரிந்த கீறலுக்கும் தேய்ந்த டயருக்கும் கவசமாகும். ஏமாற்றுக்கு ஆகாது. உண்மையை மறைக்க ஒருவர் வேலை செய்திருந்தால் அது ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் மோசடி, எந்த ரசீதிலும் எந்த வரியை எழுதினாலும் அதற்கு மன்னிப்பு கிடையாது. வியாபாரி இரண்டு பதில் சொல்வார். ஒன்று, "எனக்கே இப்படித்தான் வந்தது." இரண்டு, "வாங்கும் முன் கம்பெனி சர்வீசில் ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்குமே." இரண்டாவது வாதத்துக்குக் கொஞ்சம் பலம் உண்டு. சாதாரணக் கவனத்தோடு விசாரித்தாலே தெரிந்திருக்கும் என்றால், தவறான தகவலைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்று 19-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் அது நேரடி மோசடிக்குப் பொருந்தாது. அதனால்தான் டெல்லிக்காரரின் பதில் இத்தனை முக்கியம். வண்டி எந்த எண்ணோடு வியாபாரியிடம் வந்தது என்பது தெரிந்தால் மீட்டர் யார் கையில் குறைந்தது என்பதும் தெரிந்துவிடும்.

சர்வீஸ் சென்டரில் வாய்மொழியாகச் சொன்னதை வைத்து ஒன்றும் ஆகாது. சேஸிஸ் எண், ஒவ்வொரு சர்வீஸ் தேதி, அன்றைய கிலோமீட்டர் எல்லாம் அவர்கள் லெட்டர்ஹெட்டில் வேண்டும். கணினிப் பதிவு என்பதால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் கூடவே கேளுங்கள். விளம்பரத்தில் "61,000 மட்டுமே" என்று இருந்தால் அழிக்கப்படும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். ஏர் சஸ்பென்ஷனை இப்போது ரிப்பேர் செய்யாதீர்கள். பழுதான பாகம் குப்பைக்குப் போனால் சாட்சியும் போகும்.

எங்கே போவது? முதலில் வக்கீல் நோட்டீஸ். அதில் ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், வண்டி இன்ன இடத்தில் நிற்கிறது, வந்து எடுத்துக்கொண்டு பணத்தைத் தாருங்கள் என்ற மூன்றும் இருக்க வேண்டும். பதினைந்து நாள் பாருங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும். உங்கள் தொகைக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வந்த நல்ல விஷயம், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வியாபாரியின் ஊருக்கு அலைய வேண்டாம். கெடு இரண்டு ஆண்டு. பணம் உங்கள் கம்பெனிக் கணக்கிலிருந்து போயிருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். வியாபார நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோரே அல்ல என்று முதல் நாளே ஆட்சேபம் வரும். இதே வண்டியை நேரடியாக டெல்லிக்காரரிடம் வாங்கியிருந்தால் இந்தக் கதவு திறக்காது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

போலீசில் புகார் கொடுக்கலாமா என்றால், ஏமாற்றுக் குற்றத்துக்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் கொடுக்கலாம். முதல் வேலையாக அதைச் செய்வதை நான் விரும்புவதில்லை. "இது சிவில் விஷயம்" என்று புகாரை மூடிவிட்டால், அந்தக் காகிதமே எதிர்த்தரப்பின் ஆயுதமாகிவிடும்.

இத்தனைக்கும் பிறகு வண்டியை விட மனசில்லை என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். டெல்லி வண்டி ஏன் மலிவு? 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் அங்கே ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னது, 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025-இல் தளர்வுகள் வந்தும் சந்தையின் பயம் போகவில்லை. இங்கே அந்தப் பத்தாண்டுக் கணக்கு இல்லை, முதல் பதிவிலிருந்து 15 ஆண்டு ஓடும். ஆனால் வரி இருக்கிறது. 2023 நவம்பரில் இருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்து விகிதம் குறையும், ஆனால் கணக்கு நீங்கள் கொடுத்த 24 லட்சத்தில் இல்லை, வண்டி புதிதாக விற்ற விலையில். சொகுசு வண்டி வாங்குபவர்கள் வழுக்கி விழும் இடம் இது. டெல்லியில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கான பங்கைத் திரும்பக் கேட்கலாம், அதற்கும் பதிவு உரிமையாளரின் ஒத்துழைப்பு வேண்டும். வரிசை இதுதான்: வங்கியின் 35, டெல்லியில் 28-ஆம் எண் படிவத்தில் தடையில்லாச் சான்று, பிறகு இங்கே 27, 29, 30, வரி. முதல் படி இல்லாமல் மற்ற எதுவும் நகராது.

வண்டி முழுதாக வெளிநாட்டில் செய்ததா, பாகங்களை இங்கே இணைத்துப் பூட்டியதா என்றும் பாருங்கள். சேஸிஸ் எண் 17 எழுத்து. ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது. எம்ஏ முதல் எம்இ வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் இந்தியாவில் பூட்டியது. வேறு எழுத்தில் தொடங்கினால் முழுதாக இறக்குமதியானதாக இருக்கலாம், விசாரியுங்கள். இறக்குமதி என்றால் சுங்க வரி கட்டிய பில் ஆஃப் என்ட்ரி நகல் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை "நும்கோர்" என்ற பெயரில் சோதனை நடத்தி, பூடான் வழியாகக் கடத்தி வந்தவை என்ற சந்தேகத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட சொகுசு வண்டிகளைக் கைப்பற்றியது. வரி கட்டாத வண்டியைக் காசு கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கினாலும் பறிமுதல் வண்டியைத் தொடர்ந்து வரும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் முன்னால் இரும்பு புல் பார், மேலே விளக்கு வரிசை, தூக்கிக் கட்டிய சஸ்பென்ஷன் தெரிகிறது. புல் பார் கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. உற்பத்தியாளரின் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. பெயர் மாற்ற ஆய்வில் வண்டியை நிறுத்தும்போது ஆய்வாளரின் கண் முதலில் அங்கேதான் போகும். வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால் கழற்றிவிடுங்கள். திருப்பிக் கொடுப்பதாக இருந்தால் ஒரு நட்டைக்கூடத் தொடாமல், நாலு பக்கமும் மீட்டரும் தெரிய தேதியோடு வீடியோ எடுத்துவிட்டு, அப்படியே உறை போட்டு மூடிவையுங்கள்.