சமையலறை சந்தேகங்கள்: கேக் நடுவில் ஏன் குழி விழுகிறது?

கேள்வி: ஓவன் வாங்கிவிட்டோம். இன்னும் ஒருமுறைகூட ஆன் செய்யவில்லை, பயமாக இருக்கிறது. முதலில் எதைச் செய்தால் கெடாமல் வரும்?

பதில்: கேக் வேண்டாம், ஷார்ட்பிரெட் பிஸ்கட்டில் ஆரம்பியுங்கள். ஸ்காட்லாந்துக்காரர்களின் பிஸ்கட் இது. மைதா 3 பங்கு, வெண்ணெய் 2 பங்கு, சர்க்கரை 1 பங்கு. எழுதி வைத்துக்கொள்ளக்கூடத் தேவையில்லை. முட்டை கிடையாது, பேக்கிங் பவுடர் கிடையாது. உப்ப வேண்டியதே இல்லாத பண்டம், உப்பவில்லையே என்று உங்களைக் கவலைப்பட வைக்காது.

150 கிராம் மைதா, 100 கிராம் மெத்தென்று இளகிய வெண்ணெய், 50 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயையும் சர்க்கரையையும் கரண்டியால் குழைத்து, மாவைச் சேர்த்து விரல்களால் பிசிறி ஒன்று சேருங்கள். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைய வேண்டாம், கடினமாகிவிடும். 8 அங்குல டின்னில் பட்டர் பேப்பர் போட்டு, மாவைப் பரப்பி அழுத்தி, முள்கரண்டியால் அங்கங்கே குத்துங்கள். 160 டிகிரி செல்சியஸில் 30 முதல் 35 நிமிடம். ஓரங்கள் வெளிர் பொன்னிறமானால் போதும், நடுப்பகுதி வெளுத்துத்தான் இருக்கும். சூடாக இருக்கும்போதே துண்டு போட்டுவிட்டு, ஆறும்வரை டின்னிலேயே விடுங்கள். சுடச்சுட எடுத்தால் உதிரும். ஆறினால் தானே இறுகும்.

கேள்வி: அக்கா, வெனிலா கேக் செய்தேன். நன்றாக வரட்டும் என்று பேக்கிங் பவுடரைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். 180 டிகிரி, 30 நிமிடம். 15 நிமிடத்தில் திறந்து பார்த்தபோது அழகாக உப்பியிருந்தது. வெளியே எடுத்ததும் நடுவில் குழி! ஏன்?

பதில்: காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுவும் இரண்டு.

முதலாவது, அந்தத் 'தாராளம்'. பேக்கிங் பவுடர் மாவுக்குள் வாயுக் குமிழிகளை உண்டாக்குகிறது. மாவும் முட்டையும் வெந்து இறுகி அந்தக் குமிழிகளைச் சுற்றிச் சுவர் கட்ட வேண்டும். பவுடர் அதிகமானால் சுவர் எழும்புவதற்குள் குமிழிகள் பெருத்து, ஒன்றோடொன்று சேர்ந்து உடைந்துவிடும். வேகமாக உப்பும், வேகமாகவே அமுங்கும். 125 கிராம் மைதாவுக்கு 1 டீஸ்பூன், மிஞ்சினால் ஒன்றேகால். டீஸ்பூன் என்றால் 5 மில்லி அளவுக் கரண்டி, அதுவும் தலைதட்டி. கையில் கிடைத்த ஸ்பூனில் குவித்து எடுப்பது கணக்கில் வராது.

இரண்டாவது, 15 நிமிடத்தில் கதவைத் திறந்தது. கேக் உப்பியிருக்கும், ஆனால் நடுவில் இன்னும் வெந்திருக்காது. திறந்ததும் சூடு இறங்கும், தாங்க ஆளில்லாத நடுப்பகுதி உட்காரும். சொன்ன நேரத்தில் முக்கால் பங்கு ஆகும்வரை கதவைத் தொடாதீர்கள். கண்ணாடி வழியாகப் பாருங்கள், அதற்குத்தானே உள்ளே விளக்கு வைத்திருக்கிறார்கள்.

இந்த இரண்டில் எது உங்கள் கேக்கைக் கவிழ்த்தது? குழி விழுந்த இடத்தில் வெட்டிப் பாருங்கள். ஈரமாக, களி மாதிரி ஒரு பட்டை தெரிந்தால் வேகவில்லை என்று அர்த்தம். நன்றாக வெந்து, பெரிய பெரிய ஓட்டைகளோடு பொலபொலவென்று உதிர்ந்தால் பவுடர்தான். நாக்கில் லேசாகச் சோப்பு வாடைகூட அடிக்கும்.

வேகாததற்கு ஓவனும் காரணமாக இருக்கலாம். திருகில் 180 என்று வைத்தால் உள்ளே 180தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 20 டிகிரி முன்னேபின்னே இருக்கும் ஓவன்கள் ஏராளம். உள்ளே தொங்கவிடும் சிறிய ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினால் உண்மை தெரியும். விசிறி உள்ள ஓவனாக இருந்தால், சாதாரண ஓவனுக்கு எழுதிய குறிப்பில் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

வெந்ததா என்று சொல்ல வேண்டியது கடிகாரம் அல்ல, கேக். டூத்பிக் குத்தினால் பச்சை மாவு ஒட்டக்கூடாது, இரண்டொரு துணுக்கு ஒட்டினால் பரவாயில்லை. விரலால் அழுத்தினால் மேலெழும்ப வேண்டும். ஓரம் டின்னை விட்டு லேசாக விலகியிருக்க வேண்டும்.

அடுத்த முறை இதே கேக்கையே செய்யுங்கள். பவுடரைச் சரியாக அளந்து, கதவையும் மூடியே வைத்து. அப்படியும் குழி விழுந்தால் ஓவன் மேல் சந்தேகப்படலாம். வேறு குறிப்புக்குத் தாவினால் எது தவறு என்று என்றைக்கும் தெரியாது. குழி விழுந்த கேக் வெந்திருந்தால் வீணில்லை. குழியில் க்ரீமும் பழமும் நிரப்புங்கள், வேண்டுமென்றே செய்ததாகத்தான் நினைப்பார்கள்.

கேள்வி: பேக்கிங் கற்க என்னென்ன வாங்க வேண்டும்? பட்டியல் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

பதில்: டிஜிட்டல் தராசு. மற்றதெல்லாம் பிறகு.

மைதாவைக் கப்பால் வாரினால் அமுங்கி 150 கிராம் வரை ஏறும். ஸ்பூனால் தளர்வாக நிரப்பி மேலே வழித்தால் 125 கிராம் பக்கம்தான் வரும். கப் அதேதான், மாவுதான் வேறு. மூன்று கப் கேட்கும் குறிப்பில் 75 கிராம் கூடிவிட்டால் கேக் செங்கலாகாமல் என்ன ஆகும்? தராசு இருந்தால் கிண்ணத்தை மேலே வைத்து, பூஜ்யமாக்கி, ஒவ்வொன்றாகக் கொட்டிக்கொண்டே போகலாம். கழுவப் பாத்திரமும் குறையும், எனக்கு அதுதான் பெரிய லாபம். மின்சார பீட்டர், க்ரீமால் பூப்போடும் நாஸில் பெட்டி எல்லாம் உங்களுக்கு ஆசை தணியாமல் இருந்தால் ஆறு மாதம் கழித்து வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. முட்டையில்லாத கேக் எளிதாக ஒன்று சொல்லுங்கள் மேடம்.

பதில்: வினிகர் கேக். ஒரே கிண்ணம், பீட்டர் வேண்டாம்.

மைதா 190 கிராம், சர்க்கரை 200 கிராம், கோகோ பவுடர் 20 கிராம், பேக்கிங் சோடா 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். இவற்றைச் சலித்துக் கலந்துகொள்ளுங்கள். 240 மில்லி தண்ணீர், 75 மில்லி வாசனையில்லாத எண்ணெய், 1 டேபிள்ஸ்பூன் வினிகர், 1 டீஸ்பூன் வெனிலா ஊற்றி, உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை மட்டும் கலக்குங்கள். 8 அங்குலச் சதுர டின், 180 டிகிரி, 30 முதல் 35 நிமிடம்.

ஓவனை முன்பே சூடாக்கி வைத்திருப்பது இதற்கு மிக முக்கியம். சோடாவும் வினிகரும் சேர்ந்த நொடியே நுரைக்கத் தொடங்கிவிடும். கலந்து வைத்துவிட்டுப் போன் பேசப் போனால் நுரை அடங்கிவிடும். வினிகர் வாசம் கேக்கில் தங்காது. சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போடலாமா என்று அடுத்த கடிதம் வரும் என்று தெரியும்: இந்தக் கேக்குக்கு வேண்டாம். பவுடரில் சோடாவோடு அமிலமும் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது, வீரியமும் குறைவு.

பேக்கிங் பவுடருக்குப் பின்னாலும் ஒரு ஒவ்வாமைக் கதைதான். இங்கிலாந்தில் ஆல்ஃபிரெட் பேர்ட் என்ற மருந்து வணிகரின் மனைவிக்கு முட்டையும் ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. அவருக்காகவே முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரை 1837இல் உருவாக்கினார், 1843இல் பேக்கிங் பவுடரை. உங்கள் வீட்டுச் சிக்கல் பழைய சிக்கல்தான்.

கேள்வி: மைக்ரோவேவில் கேக் வருமா?

பதில்: சூடான காற்றைச் சுழற்றும் கன்வெக்ஷன் வசதி இருந்தால் வரும், அந்த முறையில் ஓவன் மாதிரியே பயன்படுத்துங்கள். வெறும் மைக்ரோவேவ் என்றால் வேகும், சிவக்காது. காபி மக்கிலேயே செய்யும் மக் கேக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கேள்வி: காளானை வதக்கினால் தண்ணீர் விட்டு வேகவைத்ததுபோல் ஆகிவிடுகிறது. பொன்னிறமாக வர என்ன செய்வது?

பதில்: வாணலியில் கூட்டம் அதிகம். காளானில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீர் கிடக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சிவப்பதோ சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் சுறுசுறுப்பாக நடக்கும். பிரெஞ்சு வேதியியலாளர் மெய்யார் 1912இல் விளக்கிய வினை இது. பிரெட் மேல்தோலின் நிறமும் மணமும் இதனால்தான்.

அதனால் அகலமான வாணலி, நல்ல சூடு, ஒரே அடுக்கு. இடம் போதாவிட்டால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். மூடாதீர்கள், ஓயாமல் கிளறாதீர்கள். ஒரு பக்கம் நிறம் பிடிக்கட்டும், அப்புறம் திருப்பலாம். உப்பைக் கடைசியில் போடுங்கள்.

கேள்வி: கேக் கலக்கிய கிண்ணத்தை வழித்து நக்க என் பிள்ளைகளுக்குள் சண்டையே நடக்கிறது. விடலாமா?

பதில்: கூடாது. பச்சை முட்டையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், பச்சை மாவைப் பற்றித்தான் தெரிவதில்லை. மைதாவும் வேகாத பொருள்தான், நோய்க் கிருமிகள் இருக்கலாம். முட்டையில்லாத கேக் மாவுக்கும் இதே தடைதான். ஐசிங் சர்க்கரையும் வெண்ணெயும் அடித்த கிண்ணத்தைக் கொடுங்கள், அதில் வேக வேண்டியது எதுவும் இல்லை. சண்டையை மட்டும் என்னால் தீர்க்க முடியாது. இரண்டு ஸ்பூன் கொடுத்துப் பாருங்கள்.