ரப்பர் கையிருப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பசிபிக் கடலில் பிரான்சுக்கு உட்பட்ட தீவுகளான நியூ கலிடோனியா, பிரெஞ்சு பாலினேசியா இரண்டின் இயற்கை ரப்பர் கையிருப்பு மாற்றத்தை (ஓராண்டில் கிடங்குச் சரக்கு கூடிய அல்லது குறைந்த அளவு) ஒப்பிட்டேன். ஒன்றில் 150 சதவீத ஏற்றம், மற்றதில் சரிவு. ஏன்?

பதில்: அட்டவணையைப் படம் எடுத்து அனுப்பியவர் ஆண்டையும் அலகையும் வெட்டிவிட்டார். டன்னா கிலோவா என்று நான் ஜோசியம் பார்க்கவா? 2 டன் 5 டன் ஆனாலும் 150 சதவீதம்தான். சின்னக் கணக்கில் சதவீதம் போடாதீர்கள் என்று எத்தனை முறை எழுதியாயிற்று!

இரு தீவுகளிலும் வணிக அளவில் ரப்பர் விளைச்சல் கிடையாது. மக்கள்தொகை ஒவ்வொன்றிலும் மூன்று லட்சத்துக்குள். டயர் தொழிற்சாலை இல்லாத ஊரில் ரப்பர் பெரும்பாலும் டயராகவே வந்து இறங்கும். அது 4011 என்ற சுங்கக் குறியீட்டில் போகும். தேய்ந்த டயர்மேல் ஒட்டும் ரீட்ரெடிங் பட்டை 4006. கச்சா ரப்பருக்கு உரிய 4001-இல் மிஞ்சுவது சொற்பம். 20 அடி கன்டெய்னர் ஒன்றில் சுமார் 20 டன் ரப்பர் பிடிக்கும். அப்படி ஒன்று டிசம்பரில் வந்து, ஜனவரியில் தீர்ந்தால் முதல் ஆண்டில் 20 டன் கூடும், அடுத்த ஆண்டில் 20 டன் குறையும். இதைப் போய் 'போக்கு' என்பதா?

இன்னொன்று. பல அட்டவணைகளில் கையிருப்பு மாற்றம் என்பது கிடங்கில் எண்ணிப் பார்த்த கணக்கல்ல. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, பயன்பாடு எல்லாம் எழுதியபின் இடிக்கிற மிச்சத்தை அந்தக் கட்டத்தில் தள்ளிவிடுவார்கள். நீங்கள் ஒப்பிட்டது இரண்டு தீவுகளின் ரப்பரையா, கணக்கில் விழுந்த ஓட்டைகளையா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: மைனஸ் குறி என்றால் கையிருப்பு குறைந்தது என்றுதானே அர்த்தம்?

பதில்: அட்டவணையைப் பொறுத்தது. கிடங்கிலிருந்து எடுத்ததை பிளஸ் என்று போடுகிறவர்கள் உண்டு. கிடங்கில் சேர்ந்ததை பிளஸ் என்று போடுகிறவர்களும் உண்டு. அடிக்குறிப்பைப் படிக்காமல் கூட்டாதீர்கள்.

கேள்வி: கையிருப்பு மாற்றம் பூஜ்யம் என்றால் சரக்கே இல்லையா?

பதில்: இல்லை. மாறவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: பப்புவா நியூ கினியையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்கலாமா?

பதில்: அது 1975 முதல் சுதந்திர நாடு, ரப்பர் விளைவிக்கவும் செய்கிறது. இறக்குமதியை மட்டும் நம்பும் தீவோடு அதை ஒப்பிடுவது மளிகைக்கடையை வயலோடு ஒப்பிடுவதுபோல.

கேள்வி: ரப்பர் பாலையும் உலர்த்திய ரப்பர் ஷீட்டையும் ஒரே டன்னாகக் கூட்டலாமா?

பதில்: கூடாது. மரத்திலிருந்து இறங்கும் பாலில் ரப்பர் 30 முதல் 40 சதவீதம். சென்ட்ரிஃப்யூஜ் செய்த, அதாவது வேகமாகச் சுழற்றித் தண்ணீரைப் பிரித்த பாலில் சுமார் 60. உலர் எடைக்கு மாற்றிய பிறகு கூட்டுங்கள். அலகு, அலகு, அலகு!

கேள்வி: உலக அளவில் யாராவது ரப்பரைச் சேமித்து விலையைத் தாங்கியது உண்டா?

பதில்: உண்டு. 1979 உடன்படிக்கையின்படி, கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு சர்வதேச இயற்கை ரப்பர் அமைப்பு இயங்கியது. விலை விழுந்தால் வாங்கும், ஏறினால் விற்கும், உச்சவரம்பு 5.5 லட்சம் டன். விலை விஷயத்தில் மனம் கசந்து மலேசியாவும் தாய்லாந்தும் விலகப் போவதாக அறிவிக்க, 1999-இல் கலைந்தது. அங்கே கையிருப்பு என்றால் உண்மையிலேயே கிடங்கில் அடுக்கிய சரக்கு.

கேள்வி: ஷீட்டை எத்தனை வருஷம் வைத்திருக்கலாம்?

பதில்: ஈரம் புகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும், தரம் இறங்கும். ஈரமில்லாவிட்டாலும் நாள்பட இறுகும். ஆண்டுக் கணக்கைவிடக் கிடங்கின் கூரையைப் பாருங்கள். அப்புறம், அடுத்த கடிதத்தில் ஆண்டையும் அலகையும் வெட்டாமல் அனுப்புங்கள்.