குழுவுக்கு முன்னால் கிளம்பலாமா? பயனீட்டாளர் கேள்வி-பதில்

சிங்கப்பூரில் ஜூன் பள்ளி விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஐரோப்பாவைப் பற்றித்தான். இந்த முறை எல்லாருக்கும் ஒரே ஆசை: சுற்றுலாக் குழு வந்து சேருவதற்குள் இரண்டு மூன்று நாள் தனியாக மலையோ ஏரியோ பார்த்துவிட வேண்டும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். மாமியார் சொன்னது, மச்சான் சொன்னதையெல்லாம் வெட்டிவிட்டேன்.

எங்கள் சுற்றுலா மிலானில் தொடங்குகிறது. நானும் கணவரும் மூன்று நாள் முன்னதாகப் போய் பெர்னினா ரயிலில் ஏற ஆசைப்படுகிறோம். தேதியை மாற்ற ஆளுக்கு 200 வெள்ளி ‘டீவியேஷன்’ கட்டணம் கேட்கிறார்கள். மகனோ, “அது தண்டம். மலிவா ஒரு வழி டிக்கெட் வாங்கிப் போங்க, வரும்போது குழு டிக்கெட்ல வந்துடுங்க” என்கிறான். – தெம்பனிஸ் வாசகி

மகன் சொன்னபடி செய்தால், திரும்பி வரும் நாளில் மிலானிலோ பாரிசிலோ டிக்கெட் இல்லாமல் நிற்பீர்கள். போய்வரும் டிக்கெட்டில் முதல் பகுதியில் நீங்கள் ஏறவில்லை என்றால் விமான நிறுவனம் மீதிப் பகுதியையும் ரத்து செய்துவிடும். கடைசி நிமிடத்தில் வாங்கும் ஒரு வழி டிக்கெட்டின் விலை முன்னால் 200 வெள்ளி ஒன்றுமே இல்லை. கட்டணத்தைக் கட்டுங்கள். இல்லாவிட்டால் விமானம் சேராத ‘லேண்ட் ஒன்லி’ விலை என்ன என்று கேட்டு, போகவர டிக்கெட்டை நீங்களே வாங்குங்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உங்கள் ஆசை நல்ல ஆசை. மிலான் சென்ட்ரல் நிலையத்திலிருந்து பெர்னினா ரயில் கிளம்பும் திரானோவுக்கு நேர் ரயில், இரண்டரை மணி நேரம். வழியில் நெடுந்தூரம் கோமோ ஏரிக்கரையிலேயே போகும். நடுவில் வரென்னாவில் இறங்கிக் காப்பி குடிக்கலாம். அன்று திரானோவில் தங்குங்கள், மறுமுனையில் இருக்கும் சுவிஸ் ஊரான செயின்ட் மோரிட்சில் தங்கும் செலவு உங்களுக்கு வேண்டாம். மறுநாள் பெர்னினாவின் சிவப்பு ரயில். திரானோ ஊருக்குள் அது கார்களோடு சேர்ந்து தெருவிலேயே ஓடும். புருசியோவில் வட்டமான கல் பாலத்தில் சுற்றித் தன் பாதைக்கு மேலேயே ஏறி, பற்சக்கரம் எதுவும் இல்லாமல் 2,253 மீட்டர் உயரம்வரை போய்விடும்.

இங்கேதான் காசைக் கவனிக்க வேண்டும். ‘பெர்னினா எக்ஸ்பிரஸ்’ என்ற கண்ணாடிக் கூரை வண்டிக்கு டிக்கெட் தவிர இருக்கை முன்பதிவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அதே தண்டவாளத்தில், அதே பாலங்கள் வழியாக, ஏறத்தாழ மணிக்கு ஒன்றாகச் சாதாரண வண்டியும் ஓடுகிறது. அதற்கு முன்பதிவே வேண்டாம், சில பெட்டிகளில் ஜன்னலையும் திறக்கலாம். நான் கண்ணாடி வண்டிக்குத்தான் பணம் கொடுத்தேன். அதன் ஜன்னல் திறக்காது. என் படங்களில் பனிமலையைவிட எதிர் சீட்டுக்காரரின் சிவப்பு ஜாக்கெட்தான் தெளிவாக விழுந்திருக்கிறது.

குழு வருவதற்கு முந்தின நாள் மாலையே மிலான் திரும்பிவிடுங்கள். அன்றே வந்து சேரலாம் என்று நினைக்க வேண்டாம். இத்தாலிய ரயில்வேயில் வேலைநிறுத்தம் ஒன்றும் அபூர்வம் இல்லை, பேருந்து உங்களுக்காக நிற்கப் போவதும் இல்லை. எந்த இடத்தில், எத்தனை மணிக்குச் சேர வேண்டும், வழிகாட்டியின் எண் என்ன என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சூரிக்கில் காலையில் இறங்குகிறோம். குழு மறுநாள் வருகிறது. அன்றே யூங்ஃபிராவ் பனிமலைக்குப் போய்வர முடியுமா? – ஈசூன் வாசகர்

நீங்கள் அனுப்பிய பயணத் திட்டத்தில் நான்காம் நாளே யூங்ஃபிராவ்தான் இருக்கிறது. படித்தீர்களா, ஐயா?

நான் குடிமகன், மனைவி இந்தியக் கடப்பிதழுடன் இருக்கும் நிரந்தரவாசி. சுற்றுலாவில் பிரான்சில் நான்கு இரவு, இத்தாலியில் மூன்று இரவு. இத்தாலியில் மூன்று நாள் கூட்ட நினைக்கிறோம். விசாவுக்கு இனிமேல்தான் விண்ணப்பம். – செங்காங் வாசகர்

இனிமேல்தான் என்றீர்களே, பிழைத்தீர்கள். உங்களுக்கு விசா வேண்டாம், எந்த 180 நாளிலும் 90 நாள்வரை தங்கலாம். மனைவிக்குப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இதுவரை அது பிரான்ஸ். மூன்று நாள் கூட்டியதும் இத்தாலி ஆறு, பிரான்ஸ் நான்கு. ஆக விண்ணப்பம் போக வேண்டிய இடமே மாறுகிறது. ஏஜெண்டிடம் இன்றே சொல்லுங்கள். அவர்கள் குழுத் தேதிகளை வைத்தே எல்லாருக்கும் விண்ணப்பத்தை நிரப்பிவிடுவார்கள். விசாவில் அச்சான முதல் தேதிக்கு முந்தின நாள் போய் இறங்கினால் உள்ளே விட மாட்டார்கள். 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதியும் கூட்டிய நாள்களையும் சேர்த்து இருக்க வேண்டும். உங்கள் சொந்தப் பயணக் காப்புறுதியையும் குழு கிளம்பும் நாளிலிருந்து எடுக்காதீர்கள், நீங்கள் சாங்கியை விட்டுப் புறப்படும் நாளிலிருந்து எடுங்கள்.

பயணக் கண்காட்சியில் 2,000 வெள்ளி முன்பணம் கட்டினோம். “குழு கண்டிப்பா கிளம்பும், நீங்க தைரியமா ஹோட்டல் ரயில் எல்லாம் போடுங்க அக்கா” என்று விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் எழுதினார். முன்கூட்டிய நான்கு நாளுக்கு, பணம் திரும்பக் கிடைக்காத விலையில் 1,900 வெள்ளிக்குப் போட்டோம். இப்போது ஆள் சேரவில்லை என்று சுற்றுலாவை ரத்து செய்துவிட்டார்கள். முன்பணம் மட்டும் திரும்பி வந்தது. – உட்லண்ட்ஸ் வாசகி

அக்கா, முதலில் அந்த வாட்ஸ்அப் உரையாடலைப் படம் பிடித்து வையுங்கள். உங்கள் வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது.

இந்த ‘கண்டிப்பா கிளம்பும்’ பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். குழுவுக்குக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும், சேராவிட்டால் ரத்து செய்ய எங்களுக்கு உரிமை உண்டு என்று நிபந்தனைத் தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் போட்ட நிறுவனத்தின் ஆளே முன்பக்கம் நின்று சிரித்துக்கொண்டு ‘கண்டிப்பா’ என்பார். ரத்தானால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோமே என்று கைகழுவுவார்கள். அவர் பேச்சை நம்பி வெளியே செலவழித்த பணம் யாருடையது? கேட்டால் “அது உங்க சொந்த ஏற்பாடு.” சொந்த ஏற்பாட்டைச் செய்யச் சொன்னதே நீங்கள்தானே! கண்காட்சியில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஐந்து நாளில் மனம் மாறலாம் என்றும் பலர் நினைக்கிறார்கள். அந்தச் சலுகை அழைக்காமல் வீட்டு வாசலுக்கு வந்து விற்பது, ‘டைம்ஷேர்’ எனும் விடுமுறை விடுதிப் பங்கு போன்ற சிலவற்றுக்குத்தான். நீங்களே நடந்துபோய் வாங்கிய சுற்றுலாவுக்கு இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் 1,900 வெள்ளியைக் கேளுங்கள், ரசீதுகளோடு, பதிலுக்கு ஒரு தேதி குறிப்பிட்டு. மறுத்தால் பயனீட்டாளர் சங்கமான ‘கேஸ்’ உங்கள் சார்பில் பேசும். அதற்கும் மசியவில்லை என்றால் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றம். 20,000 வெள்ளிவரை கேட்கலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது. உங்கள் தொகைக்கு மனுக் கட்டணம் 10 வெள்ளி. முழுத் தொகையும் வரும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் விற்பனையாளரே எழுதிக் கொடுத்த சொல் கையில் இருக்கும்போது சும்மா விடாதீர்கள்.

மற்றவர்களுக்கு: குழு கிளம்புவது உறுதி என்று நிறுவனத்தின் பெயரில் எழுத்து வரும்வரை, ரத்து செய்யக்கூடிய அறையை மட்டும் போடுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

எனக்கும் மனைவிக்கும் 8, 11 வயதுப் பிள்ளைகளுக்கும் சுவிட்சர்லாந்து ரயில்களில் போகவர எட்டு நாள் ஸ்விஸ் டிராவல் பாஸ் வாங்கிவிட்டேன். முதல் மூன்று நாள் நாங்கள் தனியாக, பிறகு குழுவோடு. நல்ல முடிவுதானே? – பொங்கோல் வாசகர்

இல்லை. குழுவோடு போகும் ஐந்து நாளும் நீங்கள் குழுவின் பேருந்தில் இருப்பீர்கள், பாஸ் பையில் தூங்கும். மூன்று நாள் பாஸ் என்று ஒன்று இருக்கிறது. 6 முதல் 15 வயதுவரை உள்ள பிள்ளைகள் பெற்றோரோடு போனால் ஃபேமிலி கார்டில் இலவசம், அந்தக் கார்டும் இலவசம். வாங்கியபின் கேட்கும் கேள்வியை வாங்குமுன் கேட்டிருக்கலாம். பாஸ் தொடங்கும் நாளுக்கு முன்பே விற்றவரிடம் பேசுங்கள். தொடங்கிவிட்டால் ஒன்றும் தேறாது.

கடையில் அட்டை தேய்க்கும்போது சிங்கப்பூர் வெள்ளியா, ஃபிராங்கா என்று கேட்பார்களாமே? – ஜூரோங் வாசகி

ஃபிராங்க். எப்போதும் அந்த ஊர்ப் பணம். வெள்ளி என்றால் மாற்று விகிதத்தை அவர்கள் வைப்பார்கள்.

அப்படியே ஒன்று: சுவிட்சர்லாந்தில் சுவரில் மின்செருகி போகும் இடம் குழிக்குள் இருக்கும் மூன்று துளை. ‘உலகம் முழுதும் பொருந்தும்’ என்று சொல்லி எனக்கு விற்ற அடாப்டரின் தடித்த உருண்டை முனை அதில் நுழையவே இல்லை. மெலிந்த இரண்டு முனைச் செருகி போகும்.

நவம்பர் கடைசியில் சுவிஸ் மலை ரயிலான கிளேசியர் எக்ஸ்பிரஸ் ஓடுமா? – அங் மோ கியோ வாசகர்

ஓடாது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை நிறுத்திவைப்பார்கள். பெர்னினா பாதை ஆண்டு முழுதும் ஓடும். அந்த மாதம் மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும், காலை வண்டியைப் பிடியுங்கள்.